மஞ்சள் பனியனும் எடுபிடிகளும்

ஆங்கிலத்தில் ‘கிரேட்டஸ்ட்’ என்று எழுதுகிறவருக்கு எந்தச் சிரமமும் இல்லை. அதைத் தமிழில் எழுத வேண்டியவருக்குத்தான் சங்கடம். ‘அதிகம் வென்றவர்’ என்றால் கணக்கைச் சொல்கிறோம். ‘ஆகச் சிறந்தவர்’ என்றால் திறமையைச் சொல்கிறோம். ‘மகத்தானவர்’ என்று போட்டால் மணிமண்டபத்துக்கு அடிக்கல் நாட்டுகிற தொனி வந்துவிடுகிறது. ‘பெரியவர்’ என்றாலோ வயதும் குணமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குவதுதான் இருபது வருடமாக எனக்குச் சோறு போடும் வேலை. ஒவ்வொரு ஜூலையிலும், மூன்று வாரம் பிரான்ஸைச் சுற்றி வரும் ‘டூர் த பிரான்ஸ்’ சைக்கிள் பந்தயம் முடிகிற ஞாயிறு இரவு, தில்லியில் என் மேஜைக்கு இந்தச் சொல் தவறாமல் வந்துசேரும். கிரிக்கெட்டில் இந்தப் பிரச்சினை இல்லை. பிராட்மன், சச்சின் என்று வாசகர்களே ஒரு முடிவோடு இருப்பார்கள். சைக்கிளில் வாசகர்களுக்கு முன்முடிவு கிடையாது. நான் போடுகிற சொல்தான் அவர்களுக்குக் கிடைக்கிற தீர்ப்பு. அதனால்தான் இது எனக்குத் தீராத வழக்காகிவிட்டது.

எங்கள் அலுவலகத்தில் பக்க வடிவமைப்பு செய்யும் திருச்சூர்க்காரப் பையன் ஒருவன் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் விடிவதற்கு முன்பே எழுந்து, லாரிகள் வருவதற்குள் குர்கான் பக்கம் ஐம்பது அறுபது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துவிட்டு வருபவன். என்னை ‘சேச்சி’ என்பான். அவனைப் பொறுத்தவரை வழக்கு 2024இலேயே முடிந்துவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஸூரிக் நகரில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் ஸ்லோவேனியாவின் தாதேய் பொகச்சர், இன்னும் நூறு கிலோமீட்டர் பாக்கி இருக்கும்போதே கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு கிளம்பி ஜெயித்தார். அதற்கு முன்பே அவ்வருடம் இத்தாலியச் சுற்றான ஜீரோவையும் டூரையும் வென்றிருந்தார். ஒரே ஆண்டில் இந்த மூன்றும் என்பது ஆண்களில் அதற்கு முன் இரண்டே பேருக்கு வாய்த்தது. 1974இல் பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ், 1987இல் அயர்லாந்தின் ஸ்டீபன் ரோச். ஸூரிக் முடிந்ததும் 79 வயது மெர்க்ஸ், இவர் என்னைத் தாண்டிப் போய்விட்டார், இனி சந்தேகமில்லை என்ற பொருளில் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையிடம் சொன்னார்.

“மெர்க்ஸே சொல்லிட்டார் சேச்சி. இனி என்ன கேஸ்?”

தன்னைவிட இன்னொருவர் பெரியவர் என்று ஒருவர் சொல்வது சாட்சியமா, சபை நாகரிகமா? எனக்கு இரண்டாவதாகத்தான் பட்டது. அதுவும் பெருந்தன்மையின் ஒரு வகைதான் என்றால், சொன்னவருக்கல்லவா அது கணக்கில் சேர வேண்டும்?

முதலில் மெர்க்ஸின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். டூர் 5 முறை, ஜீரோ 5 முறை, ஸ்பானியச் சுற்றான வுவெல்டா ஒரு முறை. தொழில்முறை உலக சாம்பியன் 3 முறை. ஒரே நாளில் ஏறக்குறைய 250 கிலோமீட்டரோ அதற்கு மேலோ ஓடி முடிக்கும் பழம்பெரும் பந்தயங்கள் ஐந்து உண்டு. ஐரோப்பியர்கள் அவற்றை ‘நினைவுச் சின்னங்கள்’ என்கிறார்கள். அவற்றில் மட்டும் 19 வெற்றிகள். மிலான்-சான்ரெமோ ஒன்றையே 7 முறை. ஐந்தையும் வென்றவர்கள், 2025 முடிய, மூன்றே பேர். மூவரும் பெல்ஜியர்கள், மெர்க்ஸ் அவர்களில் ஒருவர். 1971 என்ற ஒரே ஆண்டில் 54 வெற்றிகள். பொகச்சரின் கணக்கு 2025 முடிய: டூர் 4, ஜீரோ 1, உலக சாம்பியன் 2, நினைவுச் சின்னங்கள் 10. வயது 27. இன்னும் ஓட வேண்டிய ஆண்டுகள் கையில் இருக்கின்றன என்பதை மறுக்க முடியாது.

ஆனால் கணக்கே கணக்காக இல்லை. மெர்க்ஸின் மொத்த வெற்றி 525 என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். தொழில்முறை ஓட்டத்தில் மட்டும் 445 என்று இன்னொரு கணக்கும் உண்டு. அதிலும் டூர் முடிந்த பிறகு ஊர் ஊராக நடத்தும் சின்னப் பந்தயங்கள் அடக்கம். டூரில் ஜெயித்தவரை நேரில் பார்க்கக் காசு கொடுத்து வரும் ஜனங்களுக்கு முன்னால், யார் முதலில் வருவது என்று அநேகமாக முன்கூட்டியே பேசிவைத்து ஓடுவார்கள். தேர்த்திருவிழா முடிந்த பிறகு கிராமத்தில் போடுகிற நாடகம் மாதிரி. ராஜா வேஷம் கட்டியவர் தோற்க முடியாது. இன்றைய வீரர்களுக்கு அந்த வருமானமும் அவ்வளவாக இல்லை, அந்த எண்ணிக்கையும் இல்லை. 1969இல் டூரின் தூரம் 4,117 கிலோமீட்டர், 2024இல் 3,498. எதை எதோடு வைத்துக் கழிப்பது?

ஒரே ஒரு இடத்தில்தான் இரண்டு காலங்களை ஒரே தராசில் வைத்துப் பார்க்க வாய்த்தது. ஒரு மணி நேரத்தில் ஓர் ஆள், தனியாக, வட்டப் பாதையில் எவ்வளவு தூரம் ஓட்ட முடியும் என்பது இந்த விளையாட்டின் மிகப் பழைய கேள்வி. 1972 அக்டோபரில் மெக்ஸிகோ சிட்டியில் மெர்க்ஸ் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். பிறகு விசித்திரமான சைக்கிள்கள் வந்தன. உட்காரும் முறை மாறியது. 1996இல் பிரிட்டனின் கிறிஸ் போர்ட்மன் 56 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டார். இது மனிதன் ஓட்டியதா, சைக்கிள் ஓட்டியதா என்று சர்வதேச சைக்கிள் சங்கத்துக்கே சந்தேகம் வந்து, மெர்க்ஸ் காலத்து மாதிரியான சாதாரண சைக்கிளில்தான் சாதனையை முயல வேண்டும் என்று 2000இல் விதித்தது. அதே போர்ட்மன் அந்த ஆண்டு அக்டோபரில் மான்செஸ்டரில் அப்படி ஒரு சைக்கிளில் ஏறினார். 49.441. இருபத்தெட்டு ஆண்டுப் பயிற்சி விஞ்ஞானத்துக்குக் கிடைத்த விலை பத்து மீட்டர். மெக்ஸிகோ சிட்டி உயரத்தில் இருக்கும் ஊர், அங்கே காற்று மெலிது, அது மெர்க்ஸுக்குச் சாதகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு அந்தப் பத்து மீட்டர் பிடித்திருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் என் மேஜையிலிருந்து தண்ணீர்ப் பானை இருக்கும் இடம் வரை இருக்கும்.

இந்த விளையாட்டைப் பிறப்பித்ததே பத்திரிகைக்காரர்கள்தான் என்பது எனக்கு வேலை செய்துகொண்டே தெரிந்த விஷயம். 1903இல் ‘லோட்டோ’ என்ற பாரிஸ் விளையாட்டு நாளிதழ், போட்டிப் பத்திரிகையை ஒழிப்பதற்காகவே டூரை ஆரம்பித்தது. விற்பனை இரண்டு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. மஞ்சள் தாளில் அச்சாகும் பத்திரிகை அது. 1919இல் முன்னணியில் இருப்பவருக்கு மஞ்சள் பனியன் கொடுத்தார்கள். இத்தாலியில் ஜீரோவை 1909இல் தொடங்கிய பத்திரிகையின் தாள் இளஞ்சிவப்பு. அங்கே பனியனும் இளஞ்சிவப்பு. சைக்கிள் பந்தயத்தைச் சாலையோரத்தில் நின்று பார்ப்பவருக்குத் தெரிவதெல்லாம் அரை நிமிடம் விர்ரென்று போகிற கூட்டம். மலைமேல் என்ன நடந்தது, யார் அழுதார், யார் விழுந்தார் என்பதை மறுநாள் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 1949 ஜீரோவை எழுதுவதற்கு மிலான் நாளிதழ் ஒன்று தீனோ புட்ஸாட்டி என்ற நாவலாசிரியரையே அனுப்பியது. அவர் அதில் ட்ராய் யுத்தத்தைக் கண்டார். ஒரு விளையாட்டில் யார் பெரியவர் என்ற கேள்வியை எழுத்தாளர்களிடம் ஒப்படைத்தால் இதிகாசம்தான் வரும். இதிகாசத்தில் காலாட்படைக்குப் பெயர் இருக்காது.

என்னைப் பல வருடங்களாகப் படுத்தும் இரண்டாவது சொல்லுக்கு இப்படித்தான் வந்துசேர்ந்தேன். ‘தொமஸ்தீக்’. பிரெஞ்சில் வீட்டு வேலைக்காரர் என்று பொருள். சைக்கிள் அணியில் தலைவர் ஒருவர் இருப்பார். மற்றவர்கள் எல்லாம் தொமஸ்தீக்குகள். எதிர்க்காற்றில் முன்னால் போய் அவருக்கு மறைப்புக் கொடுப்பது இவர்கள் வேலை. முன்னால் ஒருவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால் பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவருக்குக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சக்தி மிச்சம். பின்தங்கி, காரிலிருந்து தண்ணீர் பாட்டில்களை வாங்கிப் பனியனுக்குள் செருகிக்கொண்டு மறுபடி முன்னால் வந்து கொடுப்பதும், தலைவர் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பதும் இவர்கள்தான். சோர்ந்து, கடைசி ஆட்களில் ஒருவராக வந்து சேர்வார்கள். இந்தப் பெயர் 1911இல் வசையாகப் பிறந்தது. மோரிஸ் ப்ரோக்கோ என்ற வீரர் தன் வாய்ப்புப் போன பிறகு இன்னொருவருக்கு உதவி செய்து ஓட்டினார் என்று, டூரை நடத்திய பத்திரிகை ஆசிரியரே அவரை வேலைக்காரர் என்று இழித்து எழுதினார். வசை பதவியாகிவிட்டது.

தமிழில் என்ன போடுவது? ‘உதவி வீரர்’ என்றால் உயிரில்லை. ‘ஏவலர்’ என்றால் புராண நாடகம். ‘தொண்டர்’ என்று ஒருமுறை யோசித்தேன். தலைவருக்குக் காற்று படாமல் பார்த்துக்கொள்வது, பேரைக் கேட்காமல் உழைப்பது எல்லாம் பொருந்தத்தான் செய்கிறது; ஆனால் வாசகர் உடனே கட்சிக் கொடியைத் தேடுவார். கடைசியில் ‘எடுபிடி’ என்றே போடுகிறேன். இத்தாலியர்கள் ‘கிரேகாரியோ’ என்பார்கள். லத்தீனில் அந்தச் சொல் படையின் சாதாரணச் சிப்பாயைக் குறித்தது. அது கொஞ்சம் மரியாதை.

1934 டூர். ரெனே வியெட்டோவுக்கு வயது 20. மலையேற்றத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. அணித் தலைவர் அந்தோனின் மாஞ் இறக்கத்தில் விழுந்து சக்கரம் கெட்டுப்போனது. வியெட்டோ தன் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாலையோரக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து மாற்றுச் சக்கரத்துக்குக் காத்திருந்தார். அழுதுகொண்டிருக்கும் அந்தப் பையனின் புகைப்படம் பிரான்ஸில் பிரபலம். மறுநாள் மாஞ் சைக்கிளுக்கு மறுபடி கோளாறு. வியெட்டோ ஏறி வந்த மலையில் திரும்பிப் போய்த் தன் சைக்கிளையே கொடுத்தார். டூரில் ஜெயித்தவர் மாஞ். வியெட்டோவுக்கு ஐந்தாவது இடம். அவர் டூரை வென்றதே இல்லை. இந்த 1934 வெற்றியை யார் பேரில் எழுதுவது என்று வரவு செலவு பார்க்கும் யாராவது எனக்குச் சொல்ல வேண்டும்.

1952இல் நடந்தது இன்னும் விசித்திரம். இத்தாலியின் ஃபாஸ்டோ கோப்பியின் எடுபிடிகளில் ஆந்திரேயா கர்ரேயா ஒருவர். முன்னால் ஓடிய ஒரு கோஷ்டியைத் தலைவர் சார்பில் கண்காணிப்பதற்காக அதில் சேர்ந்துகொண்டார். கோஷ்டி லோசான் நகரில் நிறைய நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. கணக்குப் பார்த்தால் மஞ்சள் பனியன் கர்ரேயாவுக்கு. அவருக்குத் தெரியவே தெரியாது. ஹோட்டலிலிருந்து அழைத்து வந்து மேடையில் ஏற்றிப் பனியனைப் போட்டார்கள். கர்ரேயா அழுதார். சந்தோஷத்தில் அல்ல, தலைவர் என்ன நினைப்பாரோ என்ற பயத்தில். கோப்பி வந்ததும் போய் மன்னிப்புக் கேட்டார். மறுநாள், அந்த ஆண்டு முதன்முதலாக டூரில் சேர்க்கப்பட்ட ஆல்ப் துவேஸ் மலைமேல் கோப்பி ஜெயித்துப் பனியனை எடுத்துக்கொண்டார். இதைப் படிக்கும்போது எனக்குக் கோப்பிமேல் கோபம் வரவில்லை. ஒரு பரிசைப் பெற்றுக்கொண்டதற்காக மன்னிப்புக் கேட்க ஒரு மனிதரைப் பழக்கியிருக்கும் ஏற்பாட்டின் மேல் வந்தது.

அந்தக் கோப்பியே எடுபிடியாக ஆரம்பித்தவர்தான். 1940இல் ஜீனோ பார்த்தாலியின் அணியில், அவருக்கு உதவச் சேர்ந்த பையன். ஆரம்பத்திலேயே பார்த்தாலி விழுந்து அடிபட, 20 வயதுக் கோப்பி ஜீரோவை ஜெயித்துவிட்டார். அந்த ஜீரோ முடிந்த மறுநாளே இத்தாலி யுத்தத்தில் இறங்கியது. கோப்பி டுனீஷியாவில் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டுக் கைதி முகாமில் இருந்தார். திரும்பி வந்து இன்னும் நாலு ஜீரோ, இரண்டு டூர், ஓர் உலக சாம்பியன். 1949 ஜீரோவில் ஐந்து மலைகள் வழியாக 192 கிலோமீட்டர் தன்னந்தனியாக ஓட்டி, இரண்டாவதாக வந்த பார்த்தாலியைவிடப் பதினோரு நிமிடத்துக்கு மேல் முந்தினார். ஒரு வீரரின் 20ஆம் வயதுக்கும் 27ஆம் வயதுக்கும் இடைப்பட்ட காலத்தைப் பிடுங்கிக்கொண்டு மீதியை வைத்து மார்க் போடுகிறோம்.

பார்த்தாலியின் கதை இன்னும் நீளம். 1938இல் ஒரு டூர், 1948இல் ஒரு டூர். நடுவில் பத்து வருடம். 1943-44இல் அவர் ஃப்ளாரன்ஸுக்கும் அசிசிக்கும் இடையே ‘பயிற்சி’ ஓட்டம் ஓட்டினார். சைக்கிள் குழாய்க்குள் யூதர்களைக் காப்பாற்றுவதற்கான பொய் அடையாள ஆவணங்கள் இருந்தன என்கிறார்கள். உயிரோடு இருந்தவரை அவர் இதைப் பெரிதாகப் பேசியதில்லை. 2000இல் இறந்தார். 2013இல் இஸ்ரேலின் யாத் வஷேம் அவரைக் கௌரவித்தது. விவரங்களைப் பற்றி வரலாற்றாசிரியர்களிடையே இப்போதும் விவாதம் உண்டு. அந்த ஓட்டங்கள் எந்த வெற்றிப் பட்டியலிலும் சேராது. 1952இல் மலையேற்றத்தில் கோப்பியும் பார்த்தாலியும் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கைமாற்றும் படம் ஒன்று இருக்கிறது. கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்று இத்தாலி எழுபது வருடமாகத் தகராறு செய்துகொண்டிருக்கிறது. யார் பெரியவர் என்ற தகராறின் உருப்படியான வடிவம் இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

கோப்பி 1960 ஜனவரி 2ஆம் தேதி இறந்தார். வயது 40. இன்று பர்கினா ஃபாஸோ எனப்படும் நாட்டுக்குச் சில வீரர்களோடு ஓட்டவும் வேட்டையாடவும் போய்த் திரும்பியவருக்குக் காய்ச்சல். இத்தாலிய டாக்டர்களுக்கு மலேரியா என்று தோன்றவே இல்லை. அவரோடு ஒரே அறையில் தங்கிய ரஃபேல் ஜெமினியானிக்கும் அதே காய்ச்சல். பிரான்ஸில் அவருடைய ரத்தத்தைச் சோதித்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் பிழைத்து 2024 வரை, 99 வயது வரை வாழ்ந்தார். முதல்முறை இதை மொழிபெயர்த்தபோது எனக்குக் கை ஓடவில்லை. ஆகஸ்டில் காய்ச்சல் என்று போனால் எங்கள் பேட்டை டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வதற்கு முன்பே ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதுவார். ஐரோப்பாவே அண்ணாந்து பார்த்த ஒரு மனிதர் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்க்காததால் போனார்.

இனி ஊக்கமருந்து. அதைத் தொடாமல் இந்த விளையாட்டில் எவரையும் பெரியவர் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் 1999 முதல் 2005 வரை ஏழு டூர் வென்றார். புற்றுநோயிலிருந்து மீண்டு வந்தவர் வேறு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ‘கிரேட்டஸ்ட்’ என்றால் அவர்தான். வேறு பெயரை ஏஜென்சி அனுப்பியதே கிடையாது. 2012இல் ஏழும் பறிக்கப்பட்டன. 2013 ஜனவரியில் டி.வி.யில் ஒப்புக்கொண்டார். அந்த ஏழு ஆண்டுகளுக்கும் டூருக்கு வெற்றியாளரே இல்லை. ஆனால் 1996இல் வென்ற பியார்ன ரீஸ் 2007இல் தானும் மருந்து எடுத்ததாகச் சொன்னார். அவர் பெயர் பட்டியலில்தான் இருக்கிறது.

திருச்சூர்க்காரன் இங்கே என்னைப் பிடித்துக்கொள்வான். “உங்க மெர்க்ஸ் மூணு தடவை மாட்டலையா?” மாட்டினார். 1969இல் ஜீரோவில் முன்னணியில் இருக்கும்போது சவோனா நகரில் பரிசோதனையில் தோற்று வெளியேற்றப்பட்டார். தான் குற்றமற்றவர் என்று இன்றுவரை சொல்கிறார். 1973இல் லொம்பார்தியா பந்தய வெற்றி பறிபோனது. இருமல் மருந்து என்றார். 1977இல் மூன்றாவது. இதை மூடி மறைத்துவிட்டு 525 பேசுவது நேர்மையில்லை. கோப்பியும் அந்தக் காலத்து மாத்திரைகளை விழுங்கியதாக ஒளிக்காமல் சொன்னவர்தான். ஆனால் எனக்கு ஆர்ம்ஸ்ட்ராங் வேறு ரகம். மருந்தால் மட்டும் அல்ல. 2004 டூரில் ஃபிலிப்போ சிமியோனி என்ற இத்தாலியர் கூட்டத்திலிருந்து விலகி முன்னால் ஓடினார். ஆர்ம்ஸ்ட்ராங்கின் டாக்டருக்கு எதிராகச் சாட்சி சொன்ன சாதாரண வீரர். டூரையே கையில் வைத்திருந்த ஆர்ம்ஸ்ட்ராங், மஞ்சள் பனியனோடு அவரைத் தானே துரத்திப் பிடித்து, கூட்டத்துக்குத் திரும்ப வைத்து, காமிராவைப் பார்த்து வாயை ஜிப் போட்டு மூடுவதுபோல் சைகை காட்டினார். அன்று சிமியோனி ஜெயித்திருந்தால் ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு ஒரு நொடிகூட நஷ்டமில்லை. சின்ன வீரருக்கு டூரில் ஒரு நாள் வெற்றி என்பது அடுத்த வருட ஒப்பந்தம், வீட்டுக் கடன்.

பிரிட்டனின் டாம் சிம்ப்ஸன் 1967 ஜூலை 13 அன்று வாந்தூ மலையின் உச்சிக்குச் சற்றுக் கீழே விழுந்து இறந்தார். வெயில், மது, ஆம்ஃபிடமின். வயது 29. மெர்க்ஸ் அப்போது அவருடைய அணியில் இருந்தார். சவ அடக்கத்துக்கும் போனார். இறந்த இடத்தில் ஒரு கல் இருக்கிறது. மலையேறுகிறவர்கள் அங்கே தண்ணீர் பாட்டில், தொப்பி, பழைய டயர் என்று எதையாவது வைத்துவிட்டுப் போகிறார்கள். படத்தைப் பார்த்தபோது எம்.ஏ.யில் படித்த நடுகல் ஞாபகம் வந்தது. ஜெயித்தவருக்கு அங்கே வாகைப்பூ, கல், விழுந்தவருக்குத்தான். அதற்குப் பீலியும் கள்ளும், இதற்குப் பாட்டிலும் தொப்பியும். 1970இல் டூர் அதே மலையில் ஏறியபோது, தனியாக முன்னால் போய்க்கொண்டிருந்த மெர்க்ஸ் அந்தக் கல்லைத் தாண்டும்போது தொப்பியைக் கழற்றினார். உச்சியில் ஜெயித்துவிட்டு மூச்சு முட்டி, ஆக்ஸிஜன் கொடுக்க வேண்டியிருந்தது.

பெண்களைப் பற்றி இதுவரை ஒரு வரி இல்லை. விவாதம் நடக்கிற விதமே அப்படித்தான். 2022இல் நெதர்லாந்தின் ஆனமீக் ஃபான் ஃப்லூட்டன் பெண்களுக்கான இத்தாலிய, பிரெஞ்சு, ஸ்பானியச் சுற்றுகள் மூன்றையும் வென்று, முழங்கை முறிந்த நிலையில் உலக சாம்பியனும் ஆனார். அந்தச் செய்தியில் ‘கிரேட்டஸ்ட்’ இருந்தது, ‘பெண்களில்’ என்ற அடையோடு. மெர்க்ஸைப் பற்றிய செய்தியில் ‘ஆண்களில்’ என்ற அடை வந்து நான் பார்த்ததில்லை. பெண்கள் டூர் சரியானபடி திரும்ப வந்ததே 2022இல்தான், எட்டு நாள். மூன்று வாரம் ஓட விடாதவர்களை மூன்று வாரக் கணக்கில் எப்படித் தேடுவது?

சரி, நான் யார் பக்கம்? மெர்க்ஸ் பக்கம். எனக்கும் உறுத்தல் இல்லாமல் இல்லை. சக வீரர் ஒருவரின் சின்ன மகள், இந்த ஆள் மற்றவர்களுக்கு ஒன்றும் மிச்சம் வைப்பதில்லையே என்று அவரை நரமாமிசம் தின்பவர் என்றாளாம். ‘கானிபல்’ என்ற பட்டப்பெயர் அப்படி ஒட்டியது. குழந்தை சொன்னது சரி. சவோனா அவமானத்துக்குப் பிறகு வந்த 1969 டூரில், ஏற்கெனவே எட்டு நிமிடம் முன்னணியில் இருந்தார் மெர்க்ஸ். தூர்மாலே கணவாயில் அவருக்கு வழி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த எடுபிடி மார்ட்டின் ஃபான் டென் போஸ்ஷ, உச்சியை மட்டும் நான் முதலில் தொடட்டுமா என்று ஆசைப்பட்டார். அடுத்த வருடம் வேறு அணிக்குப் போகிறவர் என்பது தெரியவந்திருந்தது. உச்சிக்குச் சற்று முன்னால் மெர்க்ஸ் அவரைத் தாண்டிப் பாய்ந்தார். அப்படியே இறங்கி, 140 கிலோமீட்டர் தனியாக ஓட்டி, ஏறக்குறைய எட்டு நிமிட வித்தியாசத்தில் அன்றைய ஓட்டத்தையும், 17 நிமிடம் 54 நொடி வித்தியாசத்தில் டூரையும் வென்றார். இந்த விளையாட்டின் மிகப் பெரிய நாள் என்று எல்லோரும் எழுதும் நாள் அது. நான் மொழிபெயர்க்கும்போது தூர்மாலே உச்சியில் ஒரு வாக்கியம் நின்றுவிட்டுத்தான் போவேன். வேலைக்காரருக்கு ஒரு மலையுச்சியைக் கொடுக்க முடியாத பெருமை.

ஆனால் அதே மனிதர்தான் 1971இல், முன்னணியில் இருந்த ஸ்பெயினின் லூயிஸ் ஒக்கான்யா புயல்மழையில் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மறுநாள் மஞ்சள் பனியனைப் போட்டுக்கொள்ள மறுத்தார். நான்கு நாள் முன்பு மலைமேல் அவரை எட்டு நிமிடத்துக்கு மேல் பின்னுக்குத் தள்ளியவர் ஒக்கான்யா. அடுத்தவர் விழுந்ததால் வந்த சட்டை வேண்டாம் என்றார்.

1975தான் எனக்கு முக்கியம். ஐந்து முறை வென்றவர் ஆறாவதற்கு ஓடினார். ஒரு மலையில் பார்வையாளர் ஒருவர் வயிற்றில் குத்தினார். இரண்டு நாள் கழித்து பெர்னார் தெவனே அவரை ஏற்றத்தில் தாண்டிப் போய்ப் பனியனை எடுத்துக்கொண்டார். பிறகு ஒரு நாள் காலையில் ஓட்டம் தொடங்கும்போதே விழுந்து மெர்க்ஸின் முகத்தில் எலும்பு முறிந்தது. மென்று சாப்பிட முடியாது. டாக்டர்கள் போகாதே என்றார்கள். இரண்டாம் இடத்தில் முடித்தால் கிடைக்கும் பரிசுப் பணம் அணியில் உள்ளவர்களுக்குப் போகும். விலகினால் அவர்களுக்கு ஒன்றும் கிடையாது. பாரிஸ் வரை ஓட்டினார். 2 நிமிடம் 47 நொடி வித்தியாசத்தில் தோற்றார். அதன் பிறகு அவர் மஞ்சள் பனியன் அணியவே இல்லை.

“பொகச்சர் அப்படிச் செய்ய மாட்டார்னு எப்படித் தெரியும் சேச்சி?” என்றான் பையன். தெரியாது. அவருக்கு இன்னும் தோற்கும் வயது வரவில்லை. “ஆனா அது முட்டாள்தனம். உடம்பு போச்சுன்னா கெரியரே போச்சு.” மெர்க்ஸும் பின்னாளில் ஏறக்குறைய அதையேதான் சொன்னார், அன்று விலகியிருக்க வேண்டும் என்று. தூர்மாலேயில் ஓர் எடுபிடிக்குத் தராததை ஆறு வருடம் கழித்து எல்லா எடுபிடிகளுக்கும் வட்டியோடு தந்தார் என்று நான் வாதாடினேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. பக்கம் முடிக்கும் நேரம். அவனுக்குத் தலைப்புக்குப் பதினெட்டு எழுத்துதான் இடம் இருந்தது. ‘அதிகம் வென்றவர்’ என்று போட்டால் அடங்கும் என்றான்.